வலப்பக்கச் சுற்று

“அக்கா, குண்டுதான் கையவிட்டுப் போயிருச்சே. போன பெறகு எதுக்குக் கத்துற? அதுக்குக் காது இருக்கா?”

பக்கத்து வீட்டு ஆறு வயது அருள்செல்வி இப்படிக் கேட்டதும் வெலிஹேன ரப்பர் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு மைதானத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். துஷ்யந்திக்கும் சிரிப்பு வந்தது. சம்மட்டி எறிகிற பெண்கள் எல்லோரும் விட்ட பிறகு ஒரு சத்தம் போடுகிறார்கள், அவளும் போட்டாள். ஏன் என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை.

“காது இல்லதான் பாப்பா. ஆனா கத்தாட்டி எனக்கு நெஞ்சு அடைக்குது” என்றாள்.

அருள்செல்வி அதை நம்பவில்லை. சோதித்துப் பார்த்துவிடுவது என்று பக்கத்தில் கிடந்த வெறும் பால்மா டின்னை எடுத்தாள். அதில் ஒரு கயிறு ஏற்கெனவே கட்டியிருந்தது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, துஷ்யந்தி சுற்றுவதைப் போலவே தட்டாமாலை சுற்றினாள். டின் எங்கோ போனது, பிள்ளை எங்கோ விழுந்தது, விழுந்தபடியே ஒரு கத்து கத்தியது. மறுபடியும் சிரிப்பு.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மைதானத்து ஓரத்தில் குந்தியிருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த துஷ்யந்தியின் அம்மா கருப்பாயி, கையில் இருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

“ஏ பாப்பா. நீ எந்தப் பக்கம் சுத்துன?”

“துஷி அக்கா சுத்துற பக்கந்தான்.”

கருப்பாயி மகளைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் பார்த்ததெல்லாம் பறந்துபோகிற குண்டைத்தான். மகள் எந்தப் பக்கமாகச் சுழல்கிறாள் என்று கவனித்ததே இல்லை.

துஷ்யந்தி சம்மட்டிக்கு வந்தது ஒரு சோற்றுப் பொதிக்காக. அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. கேகாலையில் இளைஞர் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். ஓட்டத்துக்கும் உயரம் பாய்வதற்கும் பேர் கொடுக்க ஆள் இருந்தது. பெண்களுக்கான சம்மட்டி எறிதலுக்கு ஒருத்தரும் இல்லை. பேர் கொடுத்தால் பஸ்ஸுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டு, அருள்செல்வியின் அக்கா சர்மிளா தன் பேரையும் துஷ்யந்தியின் பேரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“சம்மட்டின்னா என்னாடி? கல்லு ஒடைக்கிறதா?” என்று துஷ்யந்தி கேட்டாள்.

“எதுவா இருந்தா என்னா. கோழிக்கறியாம்.”

போய்ப் பார்த்தால் அங்கே சம்மட்டியே இல்லை. ஓர் இரும்புக் குண்டு, அதிலிருந்து ஒரு நீளக் கம்பி, கம்பியின் முனையில் ஒரு பிடி. அவ்வளவுதான். வட்டத்துக்குள் நின்று, அதைத் தலையைச் சுற்றி வீசி, உடம்போடு சேர்ந்து சுழன்று, விட வேண்டும். சர்மிளா விட்ட குண்டு அவள் காலடியிலேயே விழுந்து அளப்பவர்களுக்கு வேலை வைக்கவில்லை. துஷ்யந்தி விட்டது, அவ்வளவு தூரம் யார் எறியப்போகிறார்கள் என்று அளவு நாடாவோடு நடுவில் நின்றவர்களைத் தாண்டிப் போய் விழுந்தது. விடியும் முன்னே ரப்பர் மலையில் ஏறி, மரத்துக்கு மரம் பால் வெட்டி, சிரட்டைப் பாலை வாளியில் சேர்த்து, இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு சரிவில் சிந்தாமல் இறங்குகிறவளுடைய தோள் அது. அந்தத் தோளுக்கு இப்படி ஓர் உபயோகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

சர்மிளாவின் அப்பா அல்பிரட் தோட்டத்து ரப்பர் பாக்டரியில் மிஷின் பழுதுபார்க்கிற பிட்டர். அவர் பழைய மிஷின் ஒன்றின் குண்டில் கம்பியைப் பற்றவைத்து ஒரு சம்மட்டி செய்துகொடுத்தார். பால் நிறுத்துக் கொடுத்து, குளித்துச் சாப்பிட்ட பிறகு, பின்னேரங்களில் துஷ்யந்தி மைதானத்துக்கு வருவாள். பார்க்க ஆள் கூடும். கங்காணி வீட்டு வாழைக்கன்று ஒன்று செத்தது. மற்றபடி யாருக்கும் நஷ்டமில்லாத சந்தோஷம் அது.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான், அருள்செல்வி டின் சுற்றிய அன்று மாலை, கருப்பாயி குறுக்கே வந்து நின்றாள்.

“எடப்பக்கமாவா சுத்துற?”

“ஆமாம்மா. அப்படித்தான் எல்லாரும் சுத்துறாங்க.”

“கோயில்ல எந்தப் பக்கம் சுத்துவ?”

“வலப்பக்கம்.”

“எடப்பக்கம் எங்க சுத்துவாங்க?”

துஷ்யந்திக்குத் தெரியும். பிணம் புதைக்கிற குழிமேட்டில் நீர்க்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இடப்பக்கமாகச் சுற்றுவார்கள். அவளுடைய அப்பா காத்தமுத்து போனபோது, மகன் இல்லாத வீடு என்பதால், அவருடைய தம்பி மகன்தான் குடம் எடுத்தான். சுற்றுக்கு ஒரு ஓட்டையாகக் குடத்தைக் கொத்தினார்கள். தண்ணீர் பீச்சியடித்தது. பெண்கள் போகக்கூடாது என்று சொல்லியும் கேளாமல் கருப்பாயி தூரத்தில் ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருந்தாள்.

“தங்கச்சி, இது வெளையாட்டு” என்று அல்பிரட் சமாதானம் சொல்ல வந்தார். “பால் வெட்டயில மரத்த எந்தப் பக்கமாச் சுத்துறீங்க? அதும் எடப்பக்கமா இருந்தா என்னா செய்வீங்க?”

“மரத்த முழுசாவா சுத்துறோம்? வெட்டுப் பாதி மரத்தோட முடிஞ்சிருது. பாதிச் சுத்துக்குக் கணக்குக் கெடையாதுண்ணே.”

“எங்க மாதா கோயில்ல சுத்துற பழக்கமே இல்ல. பெஞ்சில உக்காந்திருந்துட்டு எழும்பி வந்துருவோம்” என்று அல்பிரட் தலையைச் சொறிந்தார்.

கருப்பாயி சண்டைக்காரி அல்ல. மகள் எறியக்கூடாது என்றும் அவள் சொல்லவில்லை. கீரையை மடியில் அள்ளிக்கொண்டு எழுந்தவள் மகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். “நீ எம்புட்டு வேணும்னாலும் சுத்து. வலப்பக்கமாச் சுத்து. எனக்கு இருக்கிறது நீ ஒருத்தி. நீ அப்படிச் சுத்துறதப் பாத்தா எனக்கு அந்தக் குடந்தான் கண்ணுல நிக்கிது.”

துஷ்யந்தி அம்மாவின் கையைப் பிடித்தாள். “சரிம்மா. இனிமே எங்க எறிஞ்சாலும் வலப்பக்கந்தான்.”

சொல்வது சுலபமாக இருந்தது. செய்வதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் போயிற்று. மேலே இருந்த கை கீழே வந்தது, கீழே இருந்தது மேலே போனது. சுழல்கிற கால் மாறிற்று. முதல் வாரம் அவள் எறிந்ததைவிட விழுந்ததுதான் அதிகம். குண்டு ஒருநாள் பின்பக்கமாகப் போய், தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராக் கூரைத் தகரத்தில் இறங்கியது. நல்லவேளை, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அல்பிரட் ஏறித் தகரத்தை அடைத்துவிட்டு இறங்கினார். வலப்பக்கம் சுற்றினால் குற்றமா என்று கேகாலை விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்து வந்தவரும் அவர்தான். “வட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டா போதுமாம். இடக்கைக்காரங்க அப்படித்தான் சுத்துவாங்களாம். உன்னயும் இடக்கைக்காரின்னு நெனச்சிக்கிட்டுப் போறாங்க, விடு.”

மழை விட்டபோது, உடம்பு புதுப் பக்கத்தைப் பழைய பக்கம் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தது. குண்டு முன்பைவிடத் தூரம் போனது.

அடுத்த வருஷம் மாவட்டப் போட்டியில் துஷ்யந்தி முதலாவதாக வந்தாள். அடுத்தது இரத்தினபுரியில் மாகாணப் போட்டி. அங்கே மைதானத்துப் புல்லில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள் என்றும், அந்தக் கோட்டைத் தாண்டி எறிகிறவர்களை மட்டும் மாகாணத்தின் பேரில் கொழும்புக்கு, தேசியப் போட்டிக்கு, அழைத்துப்போவார்கள் என்றும் சொன்னார்கள். துஷ்யந்திக்கு இருபது வயது. இதுவரை அவள் ஆசைப்பட்டதெல்லாம் வீட்டுக்காகத்தான். கூரைக்குத் தகரம், அம்மாவுக்குக் கண்ணாடி, ஒரு பெரிய குண்டான். இந்த வெள்ளைக் கோடு மட்டும்தான் அவள் தனக்கென்று ஆசைப்பட்ட முதல் பொருள். அதைச் சொல்லவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சர்மிளாவிடம் மட்டும் சொன்னாள். துணைக்கு நானும் பேர் கொடுக்கிறேன் என்று சர்மிளாவும் கிளம்பினாள். மாவட்டத்தில் பெண்களுக்கான சம்மட்டிக்கு வந்ததே மூன்று பேர்தான். கடைசியாக வந்திருந்தாலும் அவளுக்கு மூன்றாமிடம், மாகாணத்துக்குப் போக அது போதும்.

இரத்தினபுரி மைதானத்தில் இருவரும் முதலில் பார்த்தது வெள்ளைக் கோட்டை. அடுத்துப் பார்த்தது அதற்கு அப்பால் ஊன்றியிருந்த ஒரு சின்னச் சிவப்புக் கொடியை. அதுதான் மாகாணச் சாதனை. அந்தத் தூரத்தை எறிந்தவளே அங்கே வந்திருந்தாள். பேர் நில்மினி. இரத்தினபுரிக்குப் பக்கத்து ஊரில் பாலர் பாடசாலை நடத்துகிறவள். நல்ல உயரம், அகன்ற தோள், ஆனால் குரல் மட்டும் தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் மெல்லியது. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு டப்பாவிலிருந்து இஞ்சி மிட்டாய் கொடுத்தாள். துஷ்யந்திக்குக் கொடுக்கும்போது, “எடுத்துக்கோ நங்கி, தலைசுற்றாது” என்று சிங்களத்தில் சொன்னாள். நங்கி என்றால் தங்கச்சி.

மூன்றாவதாகப் பார்த்தது எறிகிற இடத்தை. எறிகிற வட்டத்தைச் சுற்றி உயரமான வலைக்கூடு நின்றது. கைதவறிய குண்டு ஆட்கள் மேல் போகாமல் தடுப்பதற்கு அது. மாவட்டப் போட்டியில் வெறும் வலை. இங்கே கூட்டின் முன்பக்கத்தில், இரண்டு ஓரத்திலும், இரும்புக் குழாயில் வலை கட்டிய இரண்டு கதவுகள் இருந்தன. இடப்பக்கமாகச் சுற்றுகிறவர்களுக்கு இடக் கதவைப் பாதி மூடி, வலக் கதவைத் திறந்து வைப்பார்கள். வலப்பக்கமாகச் சுற்றுகிறவளுக்கு அதை அப்படியே மாற்ற வேண்டும். வந்திருந்த பதினொரு பேரில் வலப்பக்கம் சுற்றுகிறவள் அவள் ஒருத்திதான். இடக் கதவின் அடியில் இருந்த உருளை உடைந்து, கதவு மண்ணில் புதைந்து நின்றது. தள்ளினால் அசையாது. இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத் தூக்கினால்தான் நகரும்.

நடுவர் கெட்டவர் அல்ல, களைத்துப்போனவர். காலையிலிருந்து வெயிலில் நின்றிருந்தார். கதவு தூக்க வேண்டிய ஆட்கள் ஈட்டி எறிதலுக்குப் போய்விட்டார்கள். “ஒருத்திக்காக ஒவ்வொரு முறையும் கதவை மாற்றிக்கொண்டிருக்க ஏலாது, மகள். இருக்கிறபடி எறியுங்கள்” என்றார்.

முதல் எறியில் துஷ்யந்தியின் குண்டு போக வேண்டிய பாதையிலேயே போய் இடக் கதவில் மோதி, வலையில் தொங்கிக் கீழே விழுந்தது. இரண்டாவது தடவை, கதவைத் தவிர்க்க எண்ணிக் கொஞ்சம் தாமதித்து விட்டாள். குண்டு வலப்பக்கக் கோட்டுக்கு வெளியே போக, அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அளவுக்காரர் போத்தலைப் போட்டுவிட்டு ஓடினார். தவறு என்று நடுவர் தன் கைக்கொடியை உயர்த்தினார். இரண்டும் கணக்கில் இல்லை.

முதல் மூன்று எறிகளில் முன்னுக்கு நிற்கிற எட்டுப் பேருக்குத்தான் மேற்கொண்டு மூன்று எறிகள். ஆக, அவளுக்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

சர்மிளா தன் பங்குக்கு மூன்றாவது குண்டையும் எறிந்து முடித்து, பதினோராவது இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“துஷி, நான் ஒண்ணு சொன்னாக் கோவிக்காத. இந்த ஒரு தடவ எடப்பக்கம் சுத்து.”

“என்னாடி சொல்ற.”

“ஒனக்கு மறக்கலல்ல? மொதல்ல அதத்தான பழகுன. கதவுல படாம நேராப் போகும். கோடு என்னா, கொடியே தாண்டும்.”

“அம்மாகிட்டச் சொல்லியிருக்கேன்.”

“அம்மா எங்க இருக்காங்க? மலையில பால் வெட்டிக்கிட்டு இருக்காங்க. நானா போய்ச் சொல்லப் போறேன்? எங்க வீட்டுப் பாப்பாகூட இங்க இல்ல.”

துஷ்யந்தி வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். அது அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. சர்மிளா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உடம்பு மறந்திருக்காது. அம்மாவுக்குத் தெரியப் போவதும் இல்லை. வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாள், வலப்பக்கந்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிற தன் முகத்தை அவள் நினைத்துப் பார்த்தாள். அதைக் கேட்டு நிம்மதியாகப் போய்ச் சோற்றைப் போடுகிற அம்மாவின் முதுகையும் நினைத்துப் பார்த்தாள்.

“வேணாம்டி” என்றாள். “கோட்டத் தாண்டாட்டி அடுத்த வருசம் வரலாம். இத ஒருக்காச் சொல்லிட்டா, அப்புறம் நான் எதச் சொன்னாலும் எனக்கே நம்பிக்கை இருக்காது.”

அவள் பேர் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதும் ஒரு நிமிஷத்துக்குள் எறிய வேண்டும். துஷ்யந்தி வட்டத்துக்குள் போகாமல் நேரே கதவண்டை போனாள். “சர்மி, வா, புடி” என்றாள். இருவரும் தூக்கிப் பார்த்தார்கள். கதவின் ஒரு முனை எழும்பியது, மறுமுனை மண்ணைக் கவ்வியது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய முகத்திலும் வருத்தம் இருந்தது.

அப்போது, தன் முறைக்காகக் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நில்மினி எழுந்து வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மண்ணைக் கவ்வியிருந்த முனைக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

“நீ வட்டத்துக்குப் போ நங்கி. நேரம் போகுது” என்றாள். பிறகு சர்மிளாவிடம், “அந்தப் பக்கம் நல்லாப் பிடி. ஒன்று, இரண்டு” என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னாள். கதவு எழும்பியது. இடக் கதவு திறந்தது. வலக் கதவை நடுவரே வந்து தள்ளி மூடினார். தான் ஏன் இதை முதலிலேயே செய்யவில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

துஷ்யந்தி பிடியைப் பற்றினாள். தலைக்கு மேல் வீசினாள். பிறகு மாரியம்மன் கோயிலைச் சுற்றுகிற பக்கமாகவே சுற்றினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, மூன்றாவது. குண்டு இழுத்தது, அவள் இழுபட்டாள், விட்டாள். விட்ட பிறகு கத்தியும் விட்டாள். வெள்ளைக் கோட்டுக்குக் கொஞ்சம் இப்பால் விழுந்தது. ஆறாவது இடம். இன்னும் மூன்று எறிகள் அவளுக்கு உண்டு.

அதன்பின் ஒவ்வொரு முறையும் அதுவே நடந்தது. துஷ்யந்தியின் பேரைக் கூப்பிட்டால் நில்மினி எழுந்து வருவாள். சர்மிளா ஏற்கெனவே அங்கே நிற்பாள். அவள் எறிந்து முடித்ததும் மூவருமாகக் கதவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார்கள். ஒருமுறை துஷ்யந்தி தயங்கித் தயங்கிச் சிங்களத்தில் கேட்டாள்: “அக்கே, உங்களுக்குக் களைப்பா இருக்காதா?”

“பாலர் பாடசாலையில வேலை, நங்கி. கதவைத் திறக்கிறதும் மூடுறதும்தான் நாள் முழுக்க” என்று நில்மினி சிரித்தாள்.

நான்காவது எறியில் குண்டு வெள்ளைக் கோட்டின் மேலேயே குத்தி நின்றது. கோட்டின் மேல் விழுந்தால் தாண்டிய கணக்கில் வராது என்றார்கள். ஐந்தாவதில் கால் வட்டத்துக்கு வெளியே போயிற்று. கடைசி எறிக்கு முன் துஷ்யந்தி கண்ணை மூடிக்கொண்டு சற்று நின்றாள். வேண்டிக்கொள்ள நினைத்தாள், என்ன வேண்டுவதென்று வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேரும் நன்றாயிருக்க வேண்டும் என்று மட்டும் வந்தது. அதையே வேண்டிக்கொண்டு சுற்றினாள்.

இம்முறை குண்டு போகும்போதே தெரிந்துவிட்டது. வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. சிவப்புக் கொடியையும் தாண்டி, அதற்கு அப்பால் ஈரப் புல்லில் பொத்தென்று புதைந்தது. சர்மிளா கதவைக் கைவிட்டுவிட்டு ஓடிவர, கதவு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நில்மினியின் கையில் விழுந்தது. “போ போ, நான் பிடிச்சுக்கிறேன்” என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நில்மினிக்கும் ஓர் எறி பாக்கி இருந்தது. வெள்ளைக் கோட்டை அவள் முதல் எறியிலேயே தாண்டியிருந்ததால் கொழும்புப் பயணத்துக்குக் கவலையில்லை. போனது முதலிடமும் சாதனையும்தான். அவள் இடப்பக்கமாக அழகாகச் சுற்றினாள். ஆனால் குண்டு வழக்கத்தைவிட முன்னதாகவே கையைவிட்டுப் போய், வெள்ளைக் கோட்டை எட்டாமல் விழுந்தது. அவள் தோளைக் குலுக்கிவிட்டு நேரே துஷ்யந்தியிடம் வந்து வலக்கையை நீட்டினாள். சந்தோஷத்தில் துஷ்யந்தி அவளுடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நில்மினியின் முகம் ஒரு கணம் சுருங்கியது.

துஷ்யந்தி குனிந்து பார்த்தாள். இடக்கைத் தோலுறையின் உள்ளங்கைப் பக்கம் குறுக்காகக் கிழிந்திருந்தது. உள்ளே மடித்துவைத்த கைக்குட்டை சிவந்திருந்தது. கதவின் அடிக்குழாயில் தகரம் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. சம்மட்டிக்காரியின் பிடி முழுவதும் அந்த உள்ளங்கையில்தான் இருக்கிறது.

“அக்கே, இது...”

“பழைய கையுறை, நங்கி. எப்போதோ கிழிஞ்சது” என்று நில்மினி கையை இழுத்துக்கொண்டாள். பிறகு இஞ்சி மிட்டாய் டப்பாவை அவளிடம் நீட்டினாள். அதைப் பற்றி மேலே பேச இடம் வைக்கவில்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்தபோது லயத்து வீட்டு வாசல்களிலெல்லாம் ஆட்கள். கருப்பாயி மெடலைத் தொட்டுப் பார்க்கவில்லை. மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

“எந்தப் பக்கம் சுத்துன?”

“வலப்பக்கந்தாம்மா. அத்தன தடவையும்.”

“எனக்குத் தெரியும்” என்று கருப்பாயி உள்ளே போய்ச் சோற்றைப் போட்டாள். அந்தச் சோறு துஷ்யந்திக்கு மிகவும் ருசியாக இருந்தது. வெளியே சர்மிளா பதினோராவது வந்த கதையை, அது ஏதோ பெரிய வெற்றி என்பதுபோல், அபிநயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் அடங்கவே இல்லை.

அந்த வாரமே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், எல்லோர் முன்னிலையிலும், தோட்டத்துத் துரை அவளுக்கு ஒரு ஜோடித் தோல் கையுறை பரிசளித்தார். தடித்த, புதிய மாட்டுத்தோல். கொழும்பில் எறிவதற்கு என்று சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அல்பிரட்தான் பிறகு சிரித்தார்.

“துரைக்குத் தெரியல பாரு. சம்மட்டிக்கு ஒத்தக் கையுறைதான வேணும். நீ சோத்துக்கையிலதான போடுவ? மத்தது எதுக்கு?”

“இருக்கட்டும் மாமா” என்றாள் துஷ்யந்தி.

வலக்கை உறையை அவள் தன் கைக்கு அளவாகத் தைத்துக்கொண்டாள். இடக்கை உறை பெட்டியின் மேல் விரல்களை விரித்துக்கொண்டு கிடந்தது. வலப்பக்கம் சுற்றுகிறவளுக்கு அது வேண்டாதது. இடப்பக்கம் சுற்றுகிறவள் அதைத்தான் போட வேண்டும். துஷ்யந்தி அதை எடுத்து மாட்டிப் பார்த்தாள். தன் இரண்டு கைக்குள்ளும் அன்று அடங்கிய அந்தப் பெரிய கையை நினைத்துப் பார்த்தாள். விரல்கள் தன் விரலைவிட ஒரு நகக்கண் அளவு நீளம். சம்மட்டி உறையில் விரல் முனைகள் வெளியே தெரிய வேண்டும் என்பதால் அந்தக் கணக்கில் உறையின் முனைகளை வெட்டினாள். வெட்டிய தோலில் ஒரு துண்டை உள்ளங்கைக்கு இரட்டைப் பட்டையாக வைத்து, கோணி ஊசியால் நெருக்க நெருக்கத் தைத்தாள். தன்னுடையதைத் தைத்ததைவிட அதிக நேரம் எடுத்தது.

கொழும்பில் மாகாணத்துப் பெண்களையெல்லாம் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கவைத்தார்கள். சுவரோரமாகப் பைகள் வரிசையாக இருந்தன. காலையில் தேநீருக்கு மணி அடித்ததும் எல்லோரும் கோப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். நில்மினியும் போனாள். அவளுடைய கையில் காயம் ஆறியிருந்தது. ஆனால் நேற்றுப் பயிற்சியில் அவள் மாட்டியிருந்தது அதே பழைய உறை, கிழிசலில் சணல் நூல் போட்டு இழுத்துக் கட்டியது.

சப்பாத்து நாடா அவிழ்ந்ததாகச் சொல்லி துஷ்யந்தி பின்தங்கினாள். மண்டபம் காலியாகும்வரை குனிந்து நாடாவைக் கட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய் நில்மினியின் நீலப் பையின் பக்கவாட்டு ஸிப்பைத் திறந்தாள். உள்ளே இஞ்சி மிட்டாய் டப்பா, ஒரு துவாய், பிள்ளைகள் யாரோ கலர் பென்சிலால் வரைந்துகொடுத்த ஒரு படம். டப்பாவுக்கும் துவாய்க்கும் நடுவில் இடக்கை உறையை வைத்தாள். கசங்காமல் விரல்களை நீவிவிட்டாள். பேர் எழுதவில்லை. ஸிப்பை மூடி, பை முன்பு இருந்தபடியே சுவரோடு சாய்த்து வைத்தாள்.

பிறகு தன் கோப்பையை எடுத்துக்கொண்டு, படிகளில் இரண்டிரண்டாக இறங்கிப் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.